என் கைகளின் ஆபீஸ் நேரம்

என் கைகள் காலையில் வேலைக்கு வருவதில்லை. பத்து, பத்தரைக்கு மேல்தான் ஒவ்வொரு விரலாக எழுந்து வரும். மதியம் சோறு தின்ற பிறகு ஓரளவு மனுஷக் கை மாதிரி இருக்கும். பொழுது சாய்ந்தால் மறுபடியும் இறுக ஆரம்பிக்கும். முடக்குவாதம் என்று விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். வயசானவர்களுக்கு வருகிற மூட்டுவலி இல்லை, இது வேறு, வயசுப் பெண்களையும் பிடிக்கும், போகாது என்றார்கள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் எனக்கு வந்தது. வந்த மறு வருஷம் என் வீட்டுக்காரர் என்னைக் கொண்டுவந்து அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, "ஒடம்பு நல்லானதும் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிப் போனார். நாங்கள் சொல்லி அனுப்புவதற்குள் அவருக்கு இன்னொரு கல்யாணம் ஆகிவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. அப்பா கட்டிய வீடு. அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், நான். அந்த வருஷம் அண்ணனுக்குப் புதுச்சேரியில் ஒரு அரிசி மில்லில் வேலை சொல்லியிருந்தார்கள். ஆனி மாசம் குடும்பத்தோடு போய்விட வேண்டும். நான் என்ன ஆவது என்ற பேச்சு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்து அதற்கு வழியும் சொன்னார்கள். என்னை என் வீட்டுக்காரர் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவது. அங்கே புதுசாக வந்தவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. தொட்டில் ஆட்ட ஒரு ஆள் இருந்தால் ஒத்தாசைதானே என்று அந்த வீட்டிலும் சரி என்று சொல்லிவிட்டார்களாம்.

"நான் போவமாட்டேன்" என்றேன்.

"தனியா இருந்துக்கினு இன்னாத்த துன்னுவ?" என்றான் அண்ணன். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஊனமுற்ற ஆதரவற்றவர்களுக்கு சர்க்கார் மாசாமாசம் மணியார்டரில் உதவித்தொகை அனுப்பிக்கொண்டிருந்தது. அது வந்தால் நான் இந்த வீட்டிலேயே இருப்பேன், பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதில் ஒரு பங்கு கொடுத்தால் காலையில் தண்ணீர் எடுத்து வைத்து அடுப்புப் பற்ற வைத்துக் கொடுப்பாள், மதியத்துக்கு மேல் நானே பார்த்துக்கொள்வேன் என்று கணக்குச் சொன்னேன். அக்காவும் ஒத்துக்கொண்டாள். அண்ணன் தாடையைச் சொறிந்தான். "அது வந்தா சரி. வரலன்னா நீ அங்கதான் போவணும், பாப்பா. ஒன்ன ஒண்டியா வுட்டுட்டுப் போவ என்னால ஆவாது" என்றான். சரி என்று மனு போட்டேன்.

மனு போட்டால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து ஆளைப் பார்த்து விசாரித்து எழுதுவார். மார்கழிக் கடைசியில் வந்தார். கிணற்றுப் பாசனம் இருந்தவர்கள் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, விதைக்கிற சமயம் அது. விதைக்கு உடைக்கிற மல்லாட்டையில் உள்ளே இருக்கிற பருப்பின் தோல் கீறக் கூடாது, கீறினால் முளைக்காது. அதனால் எல்லாம் கையால்தான். எங்கள் வீட்டு வாசலில் அண்ணியும் தெருப் பெண்கள் சிலரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பிட்டு முடித்த நேரம். தலையாரி முன்னால் ஓடிவந்து, "ஆபீசுக்காரரு வர்றாரு" என்று சொன்னதுதான் தாமதம், அண்ணி தன் முறத்தைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"கைய மடியில வெச்சிக்கினு சும்மா குந்திக்கினு இருந்தா பாக்கறவரு இன்னா நெனைப்பாரு?"

இது எங்கள் பக்கத்து வழக்கம். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட பெண் சும்மா உட்கார்ந்திருப்பதை வெளி ஆள் பார்க்கக் கூடாது. பார்த்தால், உட்கார்ந்து தின்கிறாள், அதனால்தான் அவன் விட்டுவிட்டான் என்று ஆகிவிடும். வாழாவெட்டி வீட்டில் யார் நுழைந்தாலும் அவள் கையில் ஒரு விளக்குமாறோ ஒரு முறமோ இருந்தாக வேண்டும். அண்ணி என் மானத்தைக் காப்பாற்றினாள். நானும் முதுகை நிமிர்த்தி, முறத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். அதில் இருந்த பருப்பு ஒவ்வொன்றும் அண்ணி உடைத்தது.

இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். வீட்டுக்காரர் எப்போது போனார், நிலம் உண்டா என்றெல்லாம் கேட்டார். பிறகு முறத்தைப் பார்த்தார். "மல்லாட்டை உடைக்கிறீங்களா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணி, "எங்க பாப்பா ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாங்க" என்று பெருமையாகச் சொன்னாள். தெருப் பெண்களும் ஆமாம் போட்டார்கள். அவர் எழுதிக்கொண்டார். நாங்கள் மோர் கொடுத்து அனுப்பினோம்.

தை முடிந்து மாசியில் கடிதம் வந்தது. கள விசாரணையில் மனுதாரர் விவசாய வேலை செய்து பிழைக்கும் நிலையில் இருப்பது தெரியவருவதால் மனு நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மானத்தைக் காப்பாற்றி, சோற்றைக் கோட்டை விட்டோம். அப்புறம் கோபம் வந்தது. அந்த மனுஷர் மேல் இல்லை, அவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். காலை ஆறு மணிக்கு என்னை யாரும் பார்த்ததே இல்லை என்பதில்தான் கோபம். பார்க்கவிடாமல் பொத்திப் பொத்தி வைத்ததும் நாங்கள்தான்.

சப் கலெக்டருக்கு அப்பீல் செய்யலாம் என்று கடிதத்திலேயே இருந்தது. அண்ணன் வேண்டாம் என்றான். ஒருமுறை இல்லை என்று எழுதிவிட்டால் மாற்றமாட்டார்கள், அலைச்சல்தான் மிச்சம் என்றான். நான் போவேன் என்றேன். விழுப்புரத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் பதினொன்றரை ஆகி, விரல்கள் கொஞ்சம் நீண்டிருந்தன. அவர் முட்டிகளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காலையில எவ்ளோ நேரம் இறுக்கிக்கினு இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. பத்து, பத்தரை வரைக்கும் என்றேன். காலை நேரங்களில் கைகள் செயல்படாது, பிற்பகலில் ஓரளவு இயங்கும், இது இந்த நோயின் தன்மை என்று அவர் சர்டிபிகேட்டில் எழுதினார். "எழுதிட்டேம்மா. ஆனா கண்ணால பாக்காதவங்களுக்கு இது நம்பறதுக்குக் கஷ்டம்" என்றார்.

திண்டிவனத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரில் மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர் ஒருவர் இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், "ரெண்டு கையும் வெளங்காதுன்னு எழுதிடறேன். அப்பத்தான் படிக்கறவங்களுக்கு மனசு எளகும்" என்றார்.

"காலையில வெளங்காது. மதியானம் வெளங்கும். அப்படியே எழுதுங்க."

"அப்படி எழுதினா எவன் குடுப்பான்? நோவுன்னா ஒரே மாதிரி இருக்கணும்மா."

"வெளங்காதுன்னு எழுதிப்புட்டு, மறுபடியும் ஒருத்தரு மதியானமா வந்து பாத்தா?"

அவர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். பிறகு நான் சொன்னபடியே எழுதினார். கடைசியில் 'தங்கள் பாதம் பணிந்து' என்று அவர் இஷ்டத்துக்கு ஒரு வரி சேர்த்தார். அதை விட்டுவிட்டேன்.

வைகாசியில் ஜமாபந்தி வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பெரிய அதிகாரி தாலுகா ஆபீசில் போட்ட பந்தலில் வந்து உட்கார்ந்து ஊர் ஊராகக் கணக்குகளைப் பார்ப்பார். அந்தந்த ஊர்க்காரர்களின் மனுக்களையும் நேரில் விசாரிப்பார். எங்கள் ஊருக்கு முறை வந்த நாளில் என் அப்பீலையும் எடுப்பார்கள் என்று தகவல் சொன்னார்கள். எனக்கு சந்தோஷம். முதல் பஸ்ஸில் போய்விட்டால் என் கையைக் கையும் களவுமாகக் காட்டிவிடலாம். அண்ணியும் நானும் இருட்டோடு கிளம்பி, எட்டு மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். விரல்கள் எல்லாம் உள்ளங்கையோடு மடங்கிக் கல்லாக இருந்தன. இப்போது கூப்பிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சப் கலெக்டர் பத்துக்கு மேல் வந்தார். முதலில் கணக்குகள். கிராம அதிகாரிகள் துணி மூட்டைகளை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு பட்டா மனுக்கள். பிறகு அவர்கள் சாப்பிடப் போனார்கள். என் வியாதியும் அவர்களோடு சாப்பிடப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டபோது மணி மூன்று. பந்தலுக்குள் வெக்கை. என் விரல்கள் அத்தனையும் நீண்டிருந்தன. பந்தல் முழுக்க எங்கள் ஊர் ஆண்கள். என்னை அந்த வீட்டுக்கு அனுப்பச் சொன்ன பெரியவர்கள் இரண்டு பேரும் முன் வரிசையில் இருந்தார்கள்.

சப் கலெக்டர் சின்ன வயசுக்காரர், வடக்கத்திக்காரர். தமிழைப் படித்துக் கற்றுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். பக்கத்தில் ஒரு கிளார்க் நின்று, அவருக்குப் புரியாததை இங்கிலீஷில் சொன்னார். ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் இருந்தார். "மல்லாட்டை உடைச்சிக்கினு இருந்தாங்கய்யா, நானே பாத்தேன்" என்றார்.

"நீங்கள் உடைத்தீர்களா?"

"இல்லீங்கய்யா. அது எங்க அண்ணி உடைச்சது. இவரு வர்றாருன்னு எம் மடியில வெச்சாங்க."

"ஏன் வைத்தார்கள்?"

"புருஷன் வுட்டுட்ட பொம்பள சும்மா குந்தியிருக்கக் கூடாதுங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை, ஆனால் நம்பினதாகவும் தெரியவில்லை. பியூனிடம் ஏதோ சொன்னார். பியூன் வெளியே போய், வாசலில் வறுத்த மல்லாட்டை விற்கிறவரிடமிருந்து ஒரு பொட்டலம் வாங்கிவந்து மேஜையில் வைத்தான். "இதை உடைத்துக் காட்டுங்கள்" என்றார் அவர்.

அண்ணி பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தாள். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். முடியாது என்று சொல், கையை நடுங்கவிடு. அது சுலபம். ஆனால் அன்றைக்கு நான் நடித்தால், அப்புறம் ஆயுசுக்கும் நடிக்க வேண்டும். தெருவில் மதியம் ஒரு குடம் தூக்கினால்கூட யாராவது எழுதிப் போடுவார்கள். நான் மேஜைக்குப் போய் ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தேன். வலித்தது, ஆனால் உடைந்தது. இன்னும் சிலவற்றை உடைத்துப் பருப்பை அவர் முன்னால் வைத்தேன். தோற்றாள் என்று முன் வரிசையில் முடிவு செய்துவிட்டார்கள்.

"இப்ப உடைப்பேங்கய்யா," என்றேன். "மணி மூணு ஆவுது, இப்ப உடைப்பேன். நாளைக்குக் காத்தால இந்தக் கை எம் பாவாட நாடாவ அவுக்காது."

சப் கலெக்டர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் தரையைப் பார்த்தார். அவருக்கு அதை இங்கிலீஷில் சொல்ல வாய் வரவில்லை. நான் இன்னொருமுறை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"எம் பாவாட நாடாவ அவுக்கவும் முடிச்சுப் போடவும் காத்தால எங்க அண்ணி வரணும். வெளிக்குப் போயிட்டு வந்தா கழுவி வுடவும் அவங்கதான். பல்லு வெளக்கறது, தல வார்றது, சொம்பு தண்ணி வாயில ஊத்தறது, எல்லாம் அவங்க. ஊருக்குத் தெரியாம கதவ சாத்திக்கினு செஞ்சாங்க. இப்ப ஊரே கேட்டுக்கட்டும். நான் பொய் சொல்றேன்னு தோணுச்சுன்னா பத்து மணிக்கு முன்னால யாரயாச்சும் அனுப்புங்க. என் நோவு ஆபீஸ் நேரத்துல வராதுங்கய்யா."

சொல்லும்போது உடம்பெல்லாம் எரிந்தது. சொந்த ஊர் ஆண்கள் அத்தனை பேருக்கு நடுவில் இதைச் சொல்வதற்குப் பதில் கிணற்றில் விழலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சொல்லி முடித்த பிறகு ஒன்றும் ஆகவில்லை. முன் வரிசைப் பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். கிளார்க் ஒருவழியாகக் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். சப் கலெக்டர் காதுவரை சிவந்துபோய், கோப்பில் எழுதினார். "மீண்டும் விசாரணை. காலை ஆறு மணிக்கு" என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்.

ஆனி பிறந்து ஒரு விடியலில் இன்ஸ்பெக்டர் வந்தார். சைக்கிள் மணி கேட்டதும் அண்ணி பழக்கதோஷத்தில் சீப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"தொடாத அண்ணி. இப்பிடியே இருக்கட்டும்."

"தல பரட்டையா கெடக்குதே, பாப்பா."

"கெடக்கட்டும்."

அவர் நடைக்குள் வந்து நின்றார். நான் பாயில் இருந்தேன். கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். விரலை விரிக்கச் சொன்னார். விரியவில்லை. பக்கத்தில் இருந்த சொம்பை எடுக்கச் சொன்னார். இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கித் தூக்கினேன். பாதி வழியில் நழுவித் தண்ணீர் பாயெல்லாம் கொட்டியது. "போதும்மா, போதும்" என்றார்.

"போதாதுங்க. நான் எழுந்திருக்கறதையும் பாத்துட்டுப் போங்க" என்றேன்.

அவருக்குப் போய்விட வேண்டும் போலிருந்தது, முகத்தில் தெரிந்தது. நான் விடவில்லை. முழங்கையை ஊன்றி, சுவரில் தோளைத் தேய்த்து, முட்டி ஒவ்வொன்றாக நிமிர்ந்து வாசல்வரைக்கும் வந்தேன். அன்றைக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பிள்ளைகள் எழுந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் அதுவரை உட்கார்ந்திருந்தார். அண்ணி அவருக்கு முன்னால் வந்து நின்று, "அந்த மொறம் நான் வெச்சதுங்க. எழுதிக்குங்க" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் புதுச்சேரிக்கு முன்னால் போய்விட்டான். ஆர்டர் வராமல் நகரமாட்டேன் என்று அண்ணி பிள்ளைகளோடு என்னிடமே இருந்துவிட்டாள். இரண்டு பேரும் தபால்காரருக்காக வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தோம். ஆடியில் ஆர்டர் வந்தது. அண்ணி கிளம்பும்போது, பக்கத்து வீட்டு அக்காவுக்கு என் உடம்பு சங்கதி முழுவதையும் ஒரு பாடமாகவே நடத்திவிட்டுப் போனாள். எந்தப் பக்கம் பிடித்துத் தூக்கினால் வலிக்கும், எந்தப் பக்கம் வலிக்காது என்பதுவரை. பஸ் ஏறும்வரை அழுதாள். நானும் அழுதேன். வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மணியார்டர் வருகிற சேதி ஊர் தாண்டிப் போக வெகுநாள் ஆகவில்லை. புரட்டாசியில் ஒருநாள், பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில், கதவைத் தட்டினார்கள். நான் பாயில் கிடந்தேன்.

"யாரு?"

"நாந்தான்."

குரல் தெரிந்தது. என் வீட்டுக்காரர். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, பொய் சொல்ல மாட்டேன்.

"கதவத் தொற. ஒன்ன கூப்டுக்கினு போவலாம்னு வந்தேன். ஒண்டியா எதுக்கு இங்க கெடந்துக்கினு?"

"கை வரலீங்க. மதியானத்துக்கு மேல வாங்க."

"இன்னாது?"

"காத்தால என்னால கதவு தொறக்க ஆவாதுங்க. சர்க்காருல விசாரிச்சி எழுதிக் குடுத்திருக்காங்க. மதியானத்துக்கு மேல வாங்க, பேசலாம்."

அவர் இன்னும் பலமாகத் தட்டினார். நாதாங்கி அதிர்ந்தது. ஊர் என்ன நினைக்கும் என்றார். புருஷனை வாசலில் நிற்க வைப்பது எந்த ஊர் நியாயம் என்றார். நான் திரும்பத் திரும்ப, மரியாதையாக, மதியம் வரச் சொன்னேன். பிறகு பீடி வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் தெருப்பக்கம் போனது.

பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் குடத்தோடு வந்தாள். தினமும் வருகிற மாதிரியே கதவை முழங்காலால் ஒரு தள்ளு தள்ளி உள்ளே வந்து, "இன்னாடி, ஒன் வூட்டுக்காரரு ரோட்டாண்ட பஸ்ஸுக்கு நிக்கறாரு?" என்று கேட்டாள்.

தாழ்ப்பாளை நான் போடுவதே இல்லை. போட்டால் காலையில் எடுக்க முடியாது. சும்மா சாத்தியிருந்த கதவு அது. அவர் அத்தனை நேரம் நின்று தட்டினார், அதட்டினார், ஒருமுறை தள்ளிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அன்று மதியம் என் கை நன்றாகவே வந்தது. அவர்தான் வரவில்லை.